பூஞ்சை படித்த அமலிக்கு இடம் தேடினோம்

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவளுக்கு, ஊரில் யாருக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது என்பது தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு டைப்ரைட்டிங் பழகினேன். உத்தமபாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்தோம், அப்புறம் ஜெராக்ஸ் மெஷின் வந்தது, இரண்டாயிரத்துக்குப் பிறகு நான்கு கம்ப்யூட்டர்கள் வந்தன. வீட்டுக்காரர் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். ஜீப் மலை ஏறி இறங்குகிற கவலை போதாதென்று கடையில் உட்கார்ந்து ஊர்க் கவலையையும் வாங்கிக்கொண்டேன். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மவுசைப் பிடிப்பதற்குள் எனக்குக் கை வியர்த்துவிடும். உங்களில் யாராவது இப்படிக் கடை வைத்திருந்தால், நான் சொல்வது புரியும். நமக்கு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நாம்தான் முதலில் சாமியைக் கும்பிடுவோம்.

இரண்டு மணி நேரம் வேண்டும்

ஒரு நவம்பர் மாதம் மழை விட்ட நேரத்தில் அமலி வந்தாள். ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சவரிமுத்துவின் மகள். முப்பது வயது இருக்கும். திராட்சை இலையில் வரும் பூஞ்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று ஊரில் பேச்சு. தினமும் இரண்டு மணி நேரம் ஒரு மெஷின் வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். அது என் பழக்கம். கேட்காமல் இருந்தால் அன்று சோறு செரிக்காது.

பட்டம் வாங்கிய பிறகு வேறு ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டுமாம். போஸ்ட் டாக் என்று அதற்குப் பெயராம். அதைச் செய்தால்தான் பிறகு சொந்தமாக ஆராய்ச்சி நடத்த முடியுமாம். அந்த இடத்துக்குப் பெரும்பாலும் விளம்பரம் போட்டு அழைப்பதில்லை, நாமே உலகம் முழுக்க எழுதிக் கேட்க வேண்டும் என்றாள். அவள் பார்த்த தற்காலிகக் கல்லூரி வேலை அந்த மாதத்தோடு முடிந்திருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை அவளுக்காக வைத்திருப்பார்களாம். நிரந்தரமான வேலை, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சேர்ந்துவிட்டால் ஆராய்ச்சி அத்தோடு சரி.

"டாக்டர் பட்டத்துக்கு மேலயும் ஒரு படிப்பா? அதுக்கு மேல என்ன இருக்கு தாயி?" என்றேன்.

அமலி குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "மேலே ஒண்ணுமில்லைக்கா. இன்னும் தெரியாதது நெறைய இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இம்புட்டுப் பாடு."

ஒரே கடிதம் போதாதா

முதல் வாரம் அவள் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை. ஒரு பேராசிரியரின் கட்டுரைகளைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தாள். நோட்டில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஜூன் மாதம் என்ன நமக்காக நிற்குமா? கடைக்கு வரும் பையன்கள் துபாய் வேலைக்கு ஒரே கடிதத்தை நூறு பேருக்கு ஒரே தட்டலில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அதையே அவளிடமும் சொன்னேன். ஒரு கடிதத்தை நன்றாக அடித்துவைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பலாமே, நானே உட்கார்ந்து அனுப்பித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். கல்யாணப் பத்திரிகை எல்லாருக்கும் ஒன்றுதானே, உறைமேல்தானே பெயர் மாறுகிறது.

அமலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பத்திரிகை ஊருக்கெல்லாம் ஒண்ணுதான்க்கா. ஆனா சம்பந்தம் பேசப் போறப்ப, அந்த வீட்டுல என்ன வெவசாயம், எத்தனை உருப்படி மாடுன்னு விசாரிக்காமயா போயி உக்காருவீக?"

இலை வைத்தியம்

அவள் கடையில் உட்கார்ந்திருக்கும் சேதி மெதுவாகப் பரவியது. சின்ன ஓவுலாபுரத்திலிருந்தும் ஆனைமலையன்பட்டியிலிருந்தும் திராட்சை விவசாயிகள் துண்டில் இலையைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பின்னால் நிற்க, அவள் ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால், எந்தப் பக்கத்துப் பந்தல், காலையில் பனி எவ்வளவு நேரம் நிற்கிறது, கொடி வெட்டும் கவாத்து எப்போது செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு மருந்து சொல்வாள். எனக்கோ வேறு கவலை. அந்தப் பொடி என் கீபோர்டில் விழுந்து மெஷினுக்கு ஏதாவது வந்துவிட்டால்? மெஷினுக்கு அந்த நோய் வராது என்று அவள் இரண்டு முறை சொல்லியும் நான் பழைய துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் வெள்ளைச்சாமி என்று ஒரு பெரியவர் வந்தார். போன தடவை அவள் சொன்ன மருந்தில் முக்கால் பந்தல் தப்பித்துவிட்டதாம். மடியிலிருந்து ஒரு பை பன்னீர் திராட்சையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் என்ன எழுதுகிறாள் என்று என்னிடம் விசாரித்தார். ஜெர்மனியில் ஓர் இடத்துக்கு எழுதுகிறாள் என்றேன்.

அவர் திராட்சைப் பையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "ஏத்தா, பூஞ்சை இங்கன கிடக்கு, தோட்டம் இங்கன கிடக்கு, வைத்தியம் தெரிஞ்சவ மட்டும் அங்கன போறதா? அவுகளுக்கு வேணும்னா பூஞ்சையை ஒரு டப்பாவுல போட்டு அனுப்பி விடு."

நாலு மூலை மஞ்சள்

டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு முதிய பேராசிரியர் அவளுடைய கட்டுரைகளின் அச்சுப் பிரதிகளைத் தபாலில் அனுப்பச் சொன்னார். நான்தான் ஜெராக்ஸ் எடுத்து, வரிசையாக அடுக்கி, உறையில் போட்டேன். அமலி முகவரி எழுத நோட்டைத் தேடிய நேரத்தில், என் கை சும்மா இருக்குமா? கடைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இருந்தது. நல்ல காரியத்துக்குப் போகும் காகிதம் வெறும் காகிதமாகவா போவது? முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நாலு மூலையிலும் தொட்டு வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு பயம்.

அன்றிரவு உறை அமலி வீட்டில் இருந்தது. மறுநாள் அவளோடு போய்த் தபாலாபீசில் ஒட்டிவிட்டு வந்த பிறகுதான் வேறு பயம் பிடித்தது. ஏதோ ரசாயனக் கறை என்று அந்த மனுஷர் தூக்கிப் போட்டுவிட்டால்? ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "எங்கம்மா மட்டும் சும்மாவா இருந்துச்சு? அந்த உறையை ராத்திரி பூரா மாதா சொரூபத்துக்குக் கீழதான வச்சிருந்துச்சு" என்றாள்.

ஜனவரி கடைசியில் பதில் வந்தது. உறை வழியில் எங்கோ நனைந்து, காகிதமெல்லாம் பூசணம் பூத்துத்தான் அவர் கைக்குப் போயிருக்கிறது. ஆனால் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்த இடத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை, அதில் என்ன தடவினாய் என்று கேட்டிருந்தார். தம்மிடம் இப்போது இடம் கொடுக்கப் பணம் இல்லை, ஆனால் அதே நாட்டில் இன்னொரு ஊரில் இருக்கும் ஒரு பேராசிரியைக்கு உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தார்.

அமலி அதை எனக்குத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு, கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "இதுக்கு என்னன்னு பதில் எழுதட்டும்க்கா? செய்முறை: கடைக்கார அக்காவோட பயம்னு போட்டுரவா?"

வெளியே உட்கார்

அந்தப் பேராசிரியை மூன்று பேரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டார். இரண்டு பேர் சுலபம். மூன்றாவது ஆள் அமலியின் ஆய்வு வழிகாட்டி. ஓய்வு பெற்று வைகை அணைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். கடிதம் அவருடைய சொந்த மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும். அவருக்கோ மின்னஞ்சலே கிடையாது. ஒரு காலை பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. வந்ததும் அமலியை வெளியே போய் உட்காரச் சொன்னார். பரிந்துரையைச் சம்பந்தப்பட்டவர் பார்க்கக் கூடாதாம், அது மரபாம். அமலி எதிரே ஜூஸ் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்து, அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். நடுவில் மனசு கேட்காமல், என்ன சார் எழுதுறீக என்று கேட்டேன். "நான் சொன்ன எதையும் இவள் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. ஐந்து வருஷம் என்னோடு சண்டை போட்டாள்" என்று தமிழில் சொன்னார். எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை, இப்படியா எழுதுவது? கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்தப் பிள்ளை ஜூஸ்கூட வாங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அடக்க ஒடுக்கமான பெண் என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே சார் என்று கெஞ்சினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடக்கமான பொண்ணுன்னு எழுதுனா அந்தம்மா எடுக்கமாட்டாகம்மா. சண்டை போட்டான்னு எழுதுனாத்தான் எடுப்பாக. நீங்க அடிங்க."

அளவு பார்த்துப் படிப்பது

அதற்குள் மறுப்புகள் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்து ஊர்க்காரர்கள் தங்கள் பாஸ்வேர்டை என் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் தினமும் திறந்து பார்த்து, ஏதாவது வந்திருந்தால் மினிபஸ் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்புவேன். பிப்ரவரியிலிருந்து அமலியும் வாரத்தில் இரண்டு நாள்தான் வர முடிந்தது, தோட்டத்தில் வேலை. அவள் பாஸ்வேர்டும் என் நோட்டுக்கு வந்தது.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் பார்த்துப் பார்த்து ஒரு கணக்குப் பிடிபட்டது. மறுப்பு என்றால் மூன்று வரி, மிஞ்சினால் நான்கு வரி. நல்ல மாதிரியான பதில் என்றால் பத்து வரிக்குக் குறையாது. கேள்வி இருக்கும், விசாரிப்பு இருக்கும். கம்பத்து ஆஸ்பத்திரியில் நாடி பிடிக்கும் நர்ஸ் மாதிரி நான் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இன்னும் சில விதிகளும் வைத்திருந்தேன். செவ்வாய், வெள்ளியில் கெட்ட சேதி சொல்வதில்லை. பசியோடு வந்தவளிடம் சொல்வதில்லை. திருவிழா, சடங்கு என்றால் முடியட்டும் என்று விட்டுவிடுவது. மறுப்புக் கடிதத்தை அச்சடித்து ஒரு பச்சை ஃபைலில் போட்டு வைத்தேன். ஏப்ரலுக்குள் ஃபைல் தடித்துவிட்டது.

ஒரு நாள் அமலியின் அப்பா சவரிமுத்து மகளைத் தேடி வந்தவர், ஃபைலைப் பார்த்து அது என்னவென்று கேட்டார். மறைக்க முடியவில்லை. எல்லாம் வேண்டாம் என்று சொன்னவர்கள் எழுதியது என்றேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் கடைசிவரை புரட்டினார்.

"நம்ம பழ வியாபாரிக வெல படியலைன்னா ஒரு வார்த்தை சொல்லாமக் கெளம்பிப் போயிருவாக. இவுக வேணாங்கிறதுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காக. மரியாதையான ஆளுகதான்."

மில் நின்ற அரை மணி

மே மாதம் தொடக்கத்தில் அந்தப் பேராசிரியையிடமிருந்து நீளமான கடிதம் வந்தது. பதினெட்டு வரி. நான் அடுத்த மினிபஸ்ஸிலேயே சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்குத் தொலைபேசியில் நேர்காணல், என் கடை எண்ணுக்கே கூப்பிடுவார்கள் என்று அமலி படித்துச் சொன்னாள்.

எனக்கு அன்றிலிருந்தே சோறு இறங்கவில்லை. என் கடைக்கு அடுத்த கடை மாவு மில். அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மில் நடத்தும் பரமேஸ்வரியிடம் போய் அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். மிளகாய் வறுத்துக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள், எப்படி நிறுத்துவது என்றாள். நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர்கள். அதைச் சொல்லித்தான் கேட்டேன். புதன்கிழமை இரண்டேகாலுக்கு மில் நின்றது. கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். மிளகாய்த் தூக்கோடு வரிசையில் நின்ற பெண்கள் ஆறேழு பேரும் மில்லிலிருந்து வந்து, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிளகாய் நெடியில் ஒருத்திக்குத் தும்மல் வந்தது. பரமேஸ்வரி அவள் மூக்கைப் பிடித்துவிட்டாள்.

அமலி இருபத்தைந்து நிமிஷம் பேசினாள். முதலில் மெதுவாக, பிறகு கையை ஆட்டிக்கொண்டு. ஓரிடத்தில் அவள் குரல் உயர்ந்தது. சண்டை போடுகிறாள் என்று தெரிந்தது. வழிகாட்டி ஐயா சொன்னதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அவள் போனை வைத்ததும், வெளியே இருந்த பெண்கள் உள்ளே நுழைந்து என்ன கேட்டார்கள் என்றார்கள். ஈர இலையில் விழுந்த பூஞ்சை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்று கேட்டார்கள், அவர்கள் கட்டுரையில் எழுதியிருப்பது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது என்று சொன்னேன் என்றாள் அமலி. இரண்டு வாரத்தில் முடிவு சொல்வார்களாம்.

மிளகாய்த் தூக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஒரு அம்மாள் சொன்னாள்: "பூஞ்சை வாசல் வழியா வந்தா என்ன, கொல்லை வழியா வந்தா என்ன. இம்புட்டுக்கா மில்ல நிப்பாட்டுனீக?"

மூன்று வரி

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. அந்தப் பேராசிரியையின் பெயரைப் பார்த்ததும் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திறந்தேன். மூன்று வரி. எத்தனை தடவை எண்ணினாலும் மூன்று வரிதான். நடுவில் ஃபிரைடே என்ற சொல் மட்டும் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை வேறு யாரையோ எடுத்துவிட்டார்கள் போல என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மெஷினை அணைத்துவிட்டு மில்லுக்குப் போய்ப் பரமேஸ்வரியிடம் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். மிளகாய் அரைக்கிற இடம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வாரம் அமலியின் ஊரில் திருவிழா. வியாழக்கிழமை தேர்ப்பவனி. அமலி வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். வருகிற திங்கட்கிழமை பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் அந்தப் பிள்ளை சிரித்த முகமாகத் தேர் பார்க்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கண்டக்டர் ஏதாவது சேதி உண்டா அக்கா என்று கேட்டபோதுகூட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அவளே வந்தாள். திருவிழாப் பலகாரம் ஒரு தூக்கில் கொண்டுவந்திருந்தாள். அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை கெட்ட சேதி சொல்வதில்லை என்பது என் விதி. ஆனால் அவள் அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்ததும் என்னால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமையே அச்சடித்து ஃபைலில் போட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இடம் குடுத்துட்டாக. வெள்ளிக்கெழமை மத்தியானம் பன்னெண்டுக்குள்ள மெயில்ல சம்மதம் சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாகளாம். இது எப்ப வந்துச்சு?"

குமுளி ஜீப்

செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர்கள் ஊரில் பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை மூன்றரை என்று அமலிதான் கணக்குச் சொல்லி என்னை உட்காரவைத்தாள். கரண்ட் ஐந்து மணிக்கு. யு.பி.எஸ். பேட்டரியை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அது பதினொரு மணிக்கே கத்தி ஓய்ந்திருந்தது. கடை போனிலிருந்து கம்பத்தில் தெரிந்த கடைக்குக் கேட்டால் அங்கேயும் கரண்ட் இல்லை, கூடலூரிலும் இல்லை. மலைக்கு மேலே குமுளியில் இருக்கும், அது வேறு மாநிலத்துக் கரண்ட். கடையைப் பூட்டினேனா இல்லையா என்பது அன்றைக்கு முழுக்கத் தெரியவில்லை.

கம்பம் பஸ் வரவே ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது, வந்ததும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கம்பத்தில் பஸ் மாறிக் கூடலூரில் இறங்கும்போது மணி இரண்டேகால். ஜீப் நிற்கும் இடத்தில் வீட்டுக்காரர் பின் சீட்டில் ஒன்பது பேரை ஏற்றிவைத்துக்கொண்டு பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறாய், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த தோட்டக்காட்டு அம்மாள் ஒருத்தி, "ஏம்ப்பா, பொம்பளப் புள்ள வேலைக்கு மணி ஓடுதுங்குறாக, ஒனக்கு டீ கேக்குதா? எடு வண்டிய" என்றாள். வண்டி எடுத்தார். மலை ஏறும் வழியெல்லாம் அந்த ஒன்பது பேரும் மணி பார்த்துக்கொண்டே வந்தார்கள். வளைவில் ஒரு லாரி மறித்தபோது இரண்டு ஆண்கள் இறங்கி ஓடிப்போய் வழி பண்ணிவிட்டு வந்தார்கள். தாங்கள் இறங்க வேண்டிய இடத்தில்கூட யாரும் இறங்கவில்லை.

குமுளிக் கடையில் எல்லா மெஷினிலும் ஆள். கடை வைத்திருந்தவள் என் வயது மலையாளி. என் முகத்தைப் பார்த்தாள். அது எப்படிப்பட்ட முகம் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவனைத் தோளைப் பிடித்து எழுப்பி, "சேச்சி, இவிடே இரிக்கு" என்று இடம் கொடுத்தாள். மூன்று மணி எட்டு நிமிஷத்துக்கு அமலி சம்மதம் அனுப்பினாள். ஜீப்பில் வந்த ஒன்பது பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. மூன்று வரிக்கே தப்பாக நினைத்தவள், ஒரு வரியைப் பார்த்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாம்மா, காத்திருக்கிறோம்னு எழுதியிருக்காகக்கா" என்றாள் அமலி. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள் மறைத்துவைத்துக் குடியைக் கெடுக்கப் பார்த்தேனே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தோட்டக்காட்டு அம்மாள் என் முதுகைத் தட்டினாள். வீட்டுக்காரர் இப்போதாவது டீ குடிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

அமலி என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "விடுங்கக்கா. செவ்வாக்கெழமையே தெரிஞ்சிருந்தா, ஊரை விட்டுப் போகப் போறேன்னு திருவிழாச் சோறு எனக்கு எறங்கியிருக்காது. நீங்க பயந்ததுல நான் மூணு நாள் நல்லாச் சாப்பிட்டேன்."

கடிதத்தின் நீளத்தை வைத்துத் தலையெழுத்தை அளக்கக் கூடாது என்று அன்றைக்குக் குமுளியில் தெளிவாகப் புரிந்துகொண்டேன், ஆனாலும் இன்றுவரை சின்னக் கடிதம் வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திறக்கிறேன்.